போனைப் பிடுங்கினால் பாடம் வந்துவிடாது

சித்தூரில் ஆகட்டும், திருப்பதியில் ஆகட்டும், ஓர் இடத்தில் உட்காராத பிள்ளையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அது கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். “முதல்ல அந்தப் போனைப் பிடுங்குங்க.” வகுப்பு டீச்சர் சொல்கிறார், ட்யூஷன் எடுக்கும் அக்கா சொல்கிறார், ஊரிலிருந்து வந்த தாத்தா சொல்கிறார். கூடவே, மறுபேச்சுக்கு இடமே இல்லை என்ற உறுதியோடு இன்னொரு வாக்கியமும் வருகிறது: “ரெண்டு மணி நேரம் போன் பார்க்கறான், ரெண்டு நிமிஷம் புக்கு பார்க்க மாட்டேங்கறானே, இவனுக்கா கவனம் இல்லை?”

அக்கறையால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அக்கறைக்கு அடியில் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. இந்தக் கோளாறை உண்டாக்கியதே போன்தான் என்பது ஒன்று. போனைக் கவனிக்க முடிகிற பிள்ளைக்குக் கவனக் குறைபாடு இருக்க முடியாது, இருப்பது சோம்பலும் அல்லரியும்தான் என்பது இன்னொன்று. திரையில் படிப்பது படிப்பே இல்லை என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாட்டு, மிகைச் செயல்பாட்டு நிலை உள்ள பிள்ளையின் விஷயத்தில் இந்த மூன்றும் சேர்ந்து பெரிய கேட்டைச் செய்கின்றன. படிப்பில் அதற்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷத்தையும் பறித்துவிட்டு, பிறகு “படிப்பில் ஆர்வமில்லை” என்று அதன்மீதே பழியைப் போடுகின்றன.

முதல் நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902இல் லண்டனில் நிகழ்த்திய உரைகளில் 43 பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அறிவில் குறை தெரியவில்லை, ஆனால் நினைத்ததும் செய்துவிடுகிறார்கள், எதிலும் தொடர்ந்து மனம் நிறுத்த முடியவில்லை என்று அவர்களை விவரித்தார். 1937இல் அமெரிக்காவின் ரோட் தீவில் சார்லஸ் பிராட்லி இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது பலருக்குப் பள்ளிப் பாடம் சட்டென்று மேம்பட்டது. அந்தக் காலத்தில் போன் எங்கே, டி.வி. எங்கே? இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், இந்த நிலையில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு மரபுவழி வருவது என்று திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வீட்டுப் பாட்டிமார்களுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். “இவங்கப்பனும் சின்ன வயசுல இப்படித்தான், ஸ்கூல் பெஞ்சுல உட்கார்ந்ததே இல்லை” என்று அவர்கள் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை, அவ்வளவுதான். உலக அளவில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு இது உண்டு என்பது பொதுவான மதிப்பீடு. கோயம்புத்தூரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் என்றது. அளக்கும் முறையைப் பொறுத்து எண் மாறும். ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் சராசரியாக இப்படி ஓரிருவராவது இருப்பார்கள் என்பது மாறாது.

எதிர்த்தரப்பின் கையில் உள்ள வலுவான சான்றையும் மறைக்கக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் உயர்நிலைப் பள்ளிகளில் 2,587 மாணவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. தொடக்கத்தில் அறிகுறி இல்லாதவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். டிஜிட்டல் ஊடகத்தை அதிகம் தொடாதவர்களில் 4.6 சதவீதத்தினரிடம் பின்னால் அறிகுறிகள் தெரிந்தன. பதினான்கு வகை ஊடகங்களையும் ஓயாமல் பயன்படுத்தியவர்களில் 10.5 சதவீதத்தினரிடம் தெரிந்தன. இது கவலைப்பட வேண்டிய சங்கதிதான். ஆனால் அந்த அறிகுறிகள் மாணவர்களே சொன்னவை, மருத்துவர் பரிசோதித்துச் சொன்னவை அல்ல. எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. அவர்கள் பயன்படுத்தியதும் ஓயாத குறுஞ்செய்தி, சமூக ஊடகம், பாட்டு, படம். பின்னங்களைப் புரிந்துகொள்ள ஒரு பிள்ளை கால் மணி நேரம் திரையில் கட்டங்களை நகர்த்தியதை யாரும் அங்கே அளக்கவில்லை. அந்த ஆய்வை நீட்டிக் காட்டி இந்தப் பிள்ளையின் கையிலிருப்பதைப் பிடுங்குவது நியாயமாகாது.

அடுத்தது, அந்த இரண்டு மணி நேரக் கேள்வி. பெற்றோரை அதிகம் குழப்புவது இதுதான். அதனால் இதற்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்குக் கவனம் இல்லாமல் இல்லை. தான் நினைத்த இடத்தில், நினைத்த நேரத்தில் அதை வைக்க முடிவதில்லை. பலன் தள்ளிப்போகும்போது அந்தப் பிள்ளையின் மூளை மற்றப் பிள்ளைகளின் மூளையைவிட வேகமாக ஆர்வத்தை இழக்கிறது. இன்றைக்குப் படித்தால் பரீட்சையில் மார்க் வரும் என்பது இரண்டு மாதம் தள்ளிக் கிடைக்கிற பலன். திரையில் ஒரு கட்டத்தை நகர்த்தினால் அது பொருந்தியதா இல்லையா என்று அந்த நொடியே தெரிகிறது. தப்பானால் யாரும் முறைப்பதில்லை, வகுப்பே திரும்பிச் சிரிப்பதில்லை, மறுபடி நகர்த்திப் பார்க்கலாம். அடுத்த படி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. உடனடி மறுமொழி, சின்னப் படி, அவமானம் இல்லாத மறுமுயற்சி. இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் இந்தப் பிள்ளை நிலைத்து உட்காருகிறது என்றால், நமக்கு அது ஒரு தகவல் கொடுக்கிறது. பாடத்தை எப்படி அமைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையே காட்டிக் கொடுக்கிறது. நாமோ அதையே அதன்மீது குற்றச்சாட்டாகத் திருப்பிவிடுகிறோம்.

உடம்பின் கதையும் இதேபோல்தான். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 8 முதல் 12 வயதுள்ள பையன்களுக்கு நினைவைச் சோதிக்கும் கடினமான வேலைகளைக் கொடுத்துவிட்டு அவர்கள் எவ்வளவு அசைகிறார்கள் என்பதைப் பார்த்தார்கள். ஏ.டி.எச்.டி. உள்ள பையன்கள் அதிகம் அசைந்தபோதுதான் விடையைச் சரியாகச் சொன்னார்கள். மற்றப் பையன்களுக்கு இது தலைகீழ். அப்படியானால் “ஆடாம அசையாம உட்கார்ந்து படி” என்று நாம் போடும் கட்டளை, அந்தப் பிள்ளை யோசிப்பதற்கு வைத்திருக்கும் வழியையே அடைப்பதாகும். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷா குழுவினர் 2007இல் வெளியிட்ட மூளைப் படங்களின்படி, மூளைப் புறணி தன் முழுத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை, இந்தப் பிள்ளைகளுக்குப் பத்தரை. மூன்று ஆண்டுப் பின்தங்கல். ஐந்தாம் வகுப்புப் பையனிடம் ஐந்தாம் வகுப்புக்குரிய பொறுமையைக் கேட்கும்போது, அவனிடம் இருப்பது இரண்டாம் வகுப்புப் பொறுமைதான் என்பதை யாராவது ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா?

திருப்பதியில் இதற்கு நேர் எதிரான வைத்தியம் ஒன்று செல்வாக்கோடு இருக்கிறது. “ஹாஸ்டல்ல போட்டுடுங்க, தானா வழிக்கு வருவான்.” விடிகாலையில் எழுப்பி ஸ்டடி அவர், பிறகு வகுப்பு, மாலையில் மறுபடி ஸ்டடி அவர், இரவில் ஸ்லிப் டெஸ்ட், வாரக் கடைசியில் ராங்க். கார்ப்பரேட் பள்ளி முறை என்று ஆந்திரா முழுக்கப் பெயர் பெற்றுவிட்ட இந்த ஏற்பாட்டில் போன் கிடையாது என்பதையே பெற்றோருக்கு முதல் ஈர்ப்பாகச் சொல்கிறார்கள். போன் இல்லாத அந்த இடத்தில் மற்றது என்ன இருக்கிறது? நீளமான படி, தள்ளிப்போன பலன், எல்லோர் முன்னிலும் ஒட்டப்படும் மதிப்பெண் பட்டியல். இந்தப் பிள்ளையை உடைப்பதற்கென்றே ஒருவர் திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைத்திருக்க மாட்டார். அங்கே போய் அடங்கிவிட்ட பிள்ளைகளை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அடங்கியவர்களில் எத்தனை பேர் படிப்பையே வெறுத்துத் திரும்பினார்கள் என்பதை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை.

திரையில் படிப்பது படிப்பே இல்லை என்ற மூன்றாவது நம்பிக்கையை மறுக்க, எது நல்ல படிப்பு என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதைத் தேடிக் கடல் தாண்டிப் போக வேண்டாம். 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்படும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர் மதனப்பள்ளி. அவர் தொடங்கிய ரிஷி வேலி பள்ளியை எல்லோருக்கும் தெரியும். சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்காக 1980களின் பிற்பகுதியிலிருந்து பத்மநாப ராவும் ரமாவும் அங்கே வளர்த்தெடுத்த கல்விமுறை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கிராமத்தில் ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்து வகுப்புப் பிள்ளைகள். அத்தனை பேருக்கும் ஒரே பாடத்தைக் கரும்பலகையில் எழுதி நடத்த முடியாது. அதனால் பாடநூலைப் பிரித்து நூற்றுக்கணக்கான அட்டைகளாக ஆக்கினார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்ன வேலை, ஒரு படக்குறி. எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்பதைச் சுவரில் ஓர் ஏணிப் படம் காட்டும். பிள்ளை தானே எழுந்து போய்த் தன் படியைப் பார்த்து, அட்டையை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து, முடித்ததும் காட்டிவிட்டு அடுத்த படிக்குப் போகும். உடம்பு சரியில்லாமல் ஒரு வாரம் வராத பிள்ளை, விட்ட படியிலிருந்து தொடரும். யாரும் யாருக்கும் முன்னால் இல்லை, பின்னால் இல்லை.

ஏ.டி.எச்.டி.யை மனதில் வைத்து இதை உருவாக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன அத்தனையும் அதில் இருக்கிறது: சின்னப் படி, உடனடி மறுமொழி, எழுந்து நடக்கும் உரிமை, அவமானம் இல்லாத மறுமுயற்சி. இதை நேரில் பார்த்துப் பயின்று வந்த ஆசிரியர்களைக் கொண்டுதான் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003இல் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. அட்டையும் பாயும் தாழ்ந்த கரும்பலகையுமாக ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் படித்த முறைக்கு விதை சித்தூர் மாவட்டத்து மண்ணில் விழுந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். அதைவிட வருத்தம், சித்தூரும் திருப்பதியும் மறந்துவிட்டதுதான். அந்தக் கல்விமுறை உருவான மாவட்டத்திலேயே இன்று ஒரு பெற்றோர் தன் பிள்ளைக்கு அப்படி ஒரு வகுப்பறையைத் தேடினால் எளிதில் கிடைக்காது.

நல்ல இணைய வளங்களை நான் ஆதரிப்பது இந்தக் காரணத்தால்தான். வகுப்பறை கைவிட்ட அந்த ஏணி சில இடங்களில் திரையில் இருக்கிறது. இயற்பியலில் 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், மறு ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் சிமுலேஷன்களைப் பாருங்கள். மின்சுற்றுப் பாடத்தில் பேட்டரி, பல்பு, கம்பி எல்லாம் திரையில் கிடக்கும். பிள்ளை தானே இழுத்து இணைக்க வேண்டும். சரியாக இணைத்தால் பல்பு எரியும். குறுக்குச்சுற்று செய்துவிட்டால் திரையில் தீப்பிடிக்கும். துறுதுறுவென்று இருக்கும் பிள்ளை முதலில் அந்தத் தீயைப் பார்க்கத்தான் வேண்டுமென்றே தப்பாக இணைக்கும். இணைக்கட்டும். எதனால் தீப்பிடித்தது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. மின்தடை என்ற பாடத்தைப் பத்தி பத்தியாக ஒப்பித்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது. இந்தச் சிமுலேஷன்கள் இலவசம். பல தமிழிலும் தெலுங்கிலும் உண்டு. இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

படிக்கவே மறுக்கும் பிள்ளைக்கு, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இருக்கிறது. நிலை வாரியாகப் பிரித்த படக் கதைகள் அங்கே தமிழிலும் தெலுங்கிலும் உண்டு. முதல் நிலைக் கதையில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரிதான். ஒரு கதையை முடித்தேன் என்ற பெருமை சில நிமிடங்களில் கிடைக்கிறது. பாடநூலில் ஒரு பாடத்தைக்கூட முடித்தறியாத பிள்ளைக்கு அந்தப் பெருமை எவ்வளவு பெரியது என்று, அப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவர்களுக்குத் தெரியும். கை சும்மா இருக்காத பிள்ளைக்கு அரவிந்த் குப்தாவின் பொம்மைகள். தீக்குச்சி, சைக்கிள் வால்வு ட்யூப், பழைய செய்தித்தாள் இவற்றை வைத்து அறிவியல் பொம்மை செய்யும் அந்தக் குறும்படங்கள் தமிழிலும் பேசுகின்றன. இதில் போன் சில நிமிடம்தான் ஓடுகிறது. மிச்ச நேரமெல்லாம் பிள்ளை தரையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையும் ‘ஸ்கிரீன் டைம்’ கணக்கில் எழுதப் போகிறோமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது திருப்பதிக்காரர்களின் சொந்தச் சொத்து. மாவட்டப் பிரிப்புக்குப் பிறகு ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. இஸ்ரோ தன் ஏவுதல்களை யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியதும், ஆகஸ்டு 23 மாலை அது நிலவில் இறங்கியதும் ஓர் ஏ.டி.எச்.டி. பிள்ளைக்காகவே அமைத்த பாடங்கள் போல இருந்தன. எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும் கடிகாரம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்று முடிந்ததும் அறையில் கைதட்டல். வேகம், உயரம் எல்லாம் திரையில் எண்களாக மாறிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்த பிள்ளையிடம் வேகம் என்றால் என்ன என்று அடுத்த நாள் கேட்டிருந்தால் ஒரு பாடவேளை போதாமல் பேசியிருக்கும். நம் பள்ளிகளில் அன்றைக்குக் காட்டினார்கள், கைதட்டினார்கள், மறுநாள் பழைய பக்கத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள்.

நான் திரைக்கு வக்காலத்து வாங்குவதாகச் சொல்பவர்கள் உண்டு. எல்லாத் திரைக்கும் நான் பேசவில்லை. 2022 டிசம்பர் 21 அன்று ஆந்திர அரசு எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பைஜூஸ் நிறுவனத்தின் பாடங்கள் ஏற்றிய டேப்லட்டுகளைக் கொடுக்கத் தொடங்கியது. மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல். ஏழைப் பிள்ளையின் கைக்கும் கருவி போய்ச் சேர்ந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே இருந்ததில் பெரும்பகுதி காணொளிப் பாடம்: அழகான படங்கள் ஓட ஒருவர் விளக்கிக்கொண்டே போவார், பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கும், இடையிடையே சில கேள்விகள் வரும். பேசுகிற ஆசிரியரை வகுப்பறையிலிருந்து திரைக்கு மாற்றினால் ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கு அடிப்படையில் ஒன்றும் மாறுவதில்லை. 2024 ஜூலையில் அந்த நிறுவனமே திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. ஒரே நிறுவனத்தின் பூட்டிய பாடங்களுக்குப் பதிலாக, யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய, தமிழும் தெலுங்கும் பேசக்கூடிய திறந்த பாடங்களை அந்த டேப்லட்டுகளில் ஏற்றியிருந்தால் அவை நிறுவனத்தின் விதியைச் சார்ந்து இருந்திருக்காது.

‘கவனத்தை வளர்க்கும் விளையாட்டு’, ‘மூளைப் பயிற்சி’ என்று ஆண்டுச் சந்தாவுக்கு விற்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. 2020 ஜூனில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எண்டெவர்ஆர்எக்ஸ் என்ற வீடியோ கேமை 8 முதல் 12 வயது ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு அனுமதித்தது. 348 பிள்ளைகளிடம் நடந்த சோதனையில், கணினியில் அளந்த கவனம் கூடியது உண்மை. ஆனால் வீட்டில் பெற்றோர் கண்ட அறிகுறிகளில், வேறொரு கேம் ஆடிய பிள்ளைகளைவிட இவர்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நினைவாற்றல் பயிற்சி மென்பொருள்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. பயிற்சி கொடுத்த விளையாட்டில் பிள்ளை தேறுகிறது, கணக்கிலும் வாசிப்பிலும் அந்தத் தேர்ச்சி வந்து சேர்வதில்லை. ஆகவே கணக்கு வர வேண்டுமானால் கணக்கையே நல்ல முறையில் சொல்லிக்கொடுக்கும் வளத்தைத் தேட வேண்டும்.

ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடும் குறுங்காணொளிகள் இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே பிள்ளையின் கை எதையும் செய்வதில்லை, கட்டைவிரலைத் தவிர. நிறுத்தும் இடமும் கிடையாது. நிறுத்துவதுதான் இந்தப் பிள்ளைக்கு மிகக் கடினமான வேலை. அதனால் போனைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவதை நான் ஆதரிக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். பாடத்தை முன்பே இறக்கி வைத்து, டேட்டாவை அணைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் போதும். மணி அடிக்கும் கடிகாரம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். நின்றுகொண்டு செய்தால் செய்யட்டும், காலை ஆட்டினால் ஆட்டட்டும். முடிந்ததும் திரையில் செய்ததைக் காகிதத்திலோ புளியங்கொட்டையிலோ ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். சித்தூர் வீட்டில் மாம்பழக் காலத்தில் பின்னம் சொல்லிக்கொடுக்க இதைவிட எளிய பொருள் கிடையாது. திரையில் நாலில் ஒன்றை வெட்டிய பிள்ளை, பங்கனப்பள்ளியில் நாலில் ஒன்றை வெட்டித் தங்கைக்குக் கொடுக்கட்டும். கோபத்தில் கொடுக்கும் தண்டனையாகவோ, அழுகையை நிறுத்தும் லஞ்சமாகவோ இந்தக் கால் மணி நேரம் ஆகிவிடக் கூடாது. ஆகிவிட்டால் அன்றோடு அதன் பயன் போய்விடும்.

திரை நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனமே வரம்பு போட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். 2019இல் அது வெளியிட்ட அந்த வழிகாட்டுதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது. அந்த வயதில் நானும் அதற்கு முழுக்கக் கட்டுப்படுவேன். ஒன்பது வயதுப் பிள்ளையின் மின்சுற்றுப் பாடத்துக்கு அதைக் கொண்டுவந்து பொருத்துவது அந்த நிறுவனம் சொல்லாததைச் சொன்னதாக ஆக்கிவிடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி இந்தப் பேச்சில் யாரும் நினைப்பதே இல்லை. ஏ.டி.எச்.டி. என்றதும் மேசைமேல் ஏறிக் குதிக்கும் பையன்தான் நினைவுக்கு வருகிறான். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், பாதி எழுதிய நோட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் அதே நிலை இருக்கலாம். அவளைக் கண்டுபிடிப்பதற்குள் அவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிடுகிறாள். வீட்டில் ஒரே போன் என்றால் அது அண்ணன் கைக்குத்தான் முதலில் போகும். அதையும் பிடுங்கு என்றால், அவளுக்கு எட்டாமலே இருந்த ஒன்று இனிமேலும் எட்டாது என்பதற்கு மேல் அவளுக்கு எந்தப் பயனும் இல்லை.

மருத்துவத்துக்கு மாற்றாக இணையத்தைச் சொல்லவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல், வீடு பள்ளி இரண்டிலும் இந்தச் சிக்கல் தொடர்ந்தால் பிள்ளையைக் காட்ட வேண்டும். சித்தூரிலிருந்து வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம் பக்கம்தான், அங்கே பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். மருந்து தேவை என்று மருத்துவர் சொன்னால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பல பிள்ளைகளுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மருந்து பிள்ளையை உட்கார வைக்கும், பாடத்தைச் சுவையாக்காது. அந்த வேலை நம்முடையது. அரசும் இதில் இரண்டு வாயால் பேசுகிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யை வைத்திருக்கிறது. 2016இன் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் 21 வகைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. கண்டுபிடித்துவிட்டு உரிமை தராமல் விடப்பட்ட பிள்ளைக்குத் தனி ஆசிரியர் வைக்கப் பெற்றோருக்கு வசதி இல்லையென்றால், வீட்டில் இருக்கும் அந்த ஒரு போன்தான் அதன் தனி ஆசிரியர்.

“போன் இல்லாமலே இப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாதா?” முடியும். ரிஷி வேலியின் அட்டைகள் அதற்குச் சாட்சி. எந்தப் பள்ளியாவது அந்த ஏணியைச் சுவரில் மாட்டி, பிள்ளையை எழுந்து நடக்க விட்டு, ராங்க் பட்டியலைக் கிழித்துவிட்டால், அந்தப் பள்ளிப் பிள்ளைக்கு இணையம் தேவைப்படும் நேரம் தானாகவே குறைந்துவிடும். அதைச் செய்யாத பள்ளிக்கு, பெற்றோரிடம் போனைப் பிடுங்கச் சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

கடைசியாக, தமிழ் வீடுகளின் சங்கதி. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் என்று எல்லை நெடுகத் தமிழ் பேசும் வீடுகள் இருக்கின்றன. 2020-21 முதல் ஆந்திர அரசுப் பள்ளிப் பாடநூல்கள் ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் தெலுங்கு என்று அச்சாகத் தொடங்கின. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வேற்றுமொழி. கேட்டதை மனதில் பிடித்து வைத்துக்கொள்வதே கடினமாக இருக்கும் ஏ.டி.எச்.டி. பிள்ளை, அதை மொழி மாற்றியும் பிடிக்க வேண்டியிருக்கிறது. பள்ளி இதற்கு ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட ஸ்டோரிவீவரால் முடிகிறது. அதன் கதைகள் திறந்த உரிமத்தில் வருவதால் யாரும் மொழிபெயர்க்கலாம், திருத்தலாம், அச்சிட்டுக் கொடுக்கலாம். குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டு மொழியும் வீட்டிலேயே கற்ற மாணவர்கள் அங்கெல்லாம் படிக்கிறார்கள். முதல் நிலைக் கதைகளை இரு மொழியிலும் குரலில் பதிந்து, எல்லையோரப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் டேப்லட்டுகளில் ஏற்றித் தர, அவர்களில் ஒரு சிறு குழு ஒரு கோடை விடுமுறையை ஒதுக்கினால் முடியும்.